இரவு முழுக்க ஒத்தடம்: நாள்பட்ட இடுப்புவலியில் நேர்ந்த சூட்டுக்காயம் (நிகழ்வு ஆய்வு)

வட்டார அளவில் வீடுவீடாகப் போய் இயன்முறை சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் பதிவு இது. நோயாளியின் சம்மதத்தோடு எழுதப்பட்டது. அடையாளம் தெரியாமலிருக்க குடும்ப விவரங்கள் சில மாற்றப்பட்டுள்ளன. மருத்துவ விவரங்களில் மாற்றமில்லை.

பின்னணி

ஆரணி பக்கம் பட்டு நெய்யும் 57 வயதுப் பெண். தறியில் உட்காரத் தொடங்கியபோது அவருக்கு 19 வயது. சர்க்கரை நோய் வந்து 12 ஆண்டுகள், ரத்தக் கொதிப்பு வந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இரண்டுக்கும் மாத்திரைகள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்துவிடும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும் வலித்தணிப்புக் கவனிப்பும் சேர்த்தே கொடுக்கப்படுகின்றன. நான் அந்த வீட்டுக்குள் போனதும் அந்த வழியாகத்தான்.

அவருடையது குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் கால்கள் மிதியின் மேல் இருக்கும், குழியின் விளிம்பில் ஒரு பலகை போட்டு அதில் உட்கார வேண்டும். குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவை ஓட்ட ஒரு கை கயிறு இழுக்கும், மறு கை அந்தக் குறுக்கு நூலை, அதாவது ஊடையை, அடித்து நெருக்கும். சாய்வதற்கு எதுவும் கிடையாது. தறியில் நீட்டிக் கட்டிய பாவு நூலைப் பார்த்தபடி உடம்பு முன்னால் வளைந்தே இருக்கும். கல்யாண ஆர்டர் இருக்கும் மாதங்களில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்கூட ஆகும். அப்புறம் வீட்டு வேலை. மூன்று ஆண்டுகளுக்கு முன் மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் தூக்கி நகர்த்துவதும் இவர் வேலைதான்.

இடுப்புவலி நான்கு ஆண்டுகளாக இருக்கிறது. 12 வாரத்துக்கு மேல் நீடித்தாலே அது நாள்பட்ட வலி. இவருக்கு அந்தக் கணக்கு எப்போதோ தாண்டிவிட்டது. வலி நடு இடுப்பில் தொடங்கி இரு பக்கமும் பரவும், முழங்காலுக்குக் கீழே போனதில்லை. காலையில் எழும்போது விறைப்பு, கொஞ்சம் நடமாடினால் தேறும், மாலையில் மறுபடி கூடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது கீழ் முதுகில் இரண்டு இடங்களில் எலும்புகளுக்கு நடுவிலுள்ள சவ்வு பிதுங்கியிருப்பதாக வந்தது. "குனியாதீங்க, எதையும் தூக்காதீங்க" என்று சொல்லி ஒரு இடுப்பு பெல்ட்டும் கொடுத்தார்கள். குனியாமல் தறியில் உட்கார வழியில்லை, தூக்காமல் மாமியாரைப் பார்த்துக்கொள்ளவும் வழியில்லை. குனிவதும் தூக்குவதும் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் பயம் மட்டும் கூடச் சேர்ந்துகொண்டது. ஓய்வு நேரத்தில் முதுகைக் கட்டைபோல் விறைத்து வைத்துக்கொள்ளும் பழக்கமும், நடையைக் குறைப்பதும் அதிலிருந்து வந்தவை.

ஒத்தடம் வளர்ந்த விதம்

ஆரம்பத்தில் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டார். உப்பு மூட்டை கையில் பிடித்தே கொடுப்பது. பிடிக்கிறவர் கைக்கே சூடு தெரியும், பத்து நிமிடத்தில் ஆறியும் போய்விடும். அதற்கு மேல் போக வழியில்லாத முறை அது. பிறகு ரப்பர் வெந்நீர்ப் பை வந்தது. அதற்குப் பின், பிளக்கில் மாட்டினால் சூடாகித் தானே அணையும் எலக்ட்ரிக் பை. சுடவைப்பது எளிதாக ஆக ஆக, நேரமும் தடவையும் கூடின. சம்பவத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, இரவு படுக்கும்போது முதுகுக்கு அடியில் வைத்துக்கொண்டு அப்படியே தூக்கம். பாதம் எரிகிறது, ஜில்லென்றும் இருக்கிறது என்று சில இரவுகளில் அதே பையைக் காலுக்கும் வைத்திருக்கிறார். ஒத்தடத்துக்கு முன்னால் தைலம் தேய்ப்பதும் உண்டு.

சம்பவத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே முதுகில் பழுப்பு நிறத்தில் வலைபோல ஒரு அடையாளம் வந்ததை மருமகள் பார்த்திருக்கிறார். லேசான அரிப்பும் இருந்தது. படை என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் ஒரு கிரீம் வாங்கிப் போட்டார்கள். அட்டையை வாங்கிப் பார்த்தேன்: பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டு கலந்த கிரீம். இந்த வகைக் கிரீமைத் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்துபோகும். அரிப்புக்காக இரவில் ஒரு சிட்ரிசின் மாத்திரையும் போட்டிருக்கிறார். அது தூக்கத்தைக் கொஞ்சம் கூட்டும்.

சம்பவம்

மார்கழி கடைசி வாரம், ஜனவரி. கடுங்குளிர். வழக்கம்போலப் பையைச் சுடவைத்து, மெல்லிய உறையோடு இடுப்புக்கு அடியில் வைத்துப் படுத்தார். விடியற்காலையில் ரவிக்கை ஈரமாக இருப்பதைப் பார்த்துப் பை ஒழுகுகிறது என்று நினைத்தார். பை ஒழுகவில்லை. வலது பக்க இடுப்பில் கொப்புளம் வந்து உடைந்திருந்தது.

"எரியவே இல்ல மேடம். எரிஞ்சிருந்தா எழுந்திருக்க மாட்டேனா?" என்றார் பிறகு.

வீட்டில் முதலில் டூத் பேஸ்ட் தடவினார்கள். நம் வீடுகளில் இது இன்னும் போகவில்லை. பேஸ்ட், இங்க், மாவு, மஞ்சள் என்று ஏதாவது ஒன்று புண்ணில் ஏறிவிடும். சுட்ட உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான்: குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் அதன்மேல் ஓடவிடுவது. சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. இங்கே காயம் நடந்து எத்தனை மணி நேரம் ஆனது என்றே தெரியவில்லை, ஆகவே அதற்கு வாய்ப்பும் இல்லாமல் போனது.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேஸ்ட்டைக் கழுவி எடுத்துக் கட்டுப் போட்டு, டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள். காயம் அவருடைய உள்ளங்கையில் பாதி அளவு, மேல்தோலைத் தாண்டி அடுத்த அடுக்கு வரை போயிருந்தது. கட்டுப் போட்ட செவிலியர்தான் காயத்தைச் சுற்றியிருந்த வலை அடையாளத்தைக் கவனித்து மருத்துவரிடம் காட்டினார். அந்த வாரமே என் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது.

பரிசோதனையில் தெரிந்தவை

முதலில் ஆபத்து அறிகுறிகளைக் கேட்டேன். சிறுநீர் போவதில் தடை, மலத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, உட்காருமிடத்தில் மரத்துப்போதல், இரண்டு கால்களிலும் பலவீனம், காய்ச்சல், எடை குறைதல், படுத்தாலும் விடாத இரவு வலி, முன்பு புற்றுநோய், விழுந்து அடிபட்டது. நம் ஊரில் இதோடு காசநோயையும் கேட்க வேண்டும். முதுகெலும்பில் வரும் காசநோய் பல மாதங்கள் சாதாரண முதுகுவலி வேடத்திலேயே இருக்கும். இருமல் இல்லை என்பதால் மட்டும் அதை விலக்கிவிட முடியாது. இவருக்கு இவை எதுவும் இல்லை. கால் பலமும் அனிச்சைச் செயல்களும் சரியாக இருந்தன, கணுக்கால் அனிச்சை மட்டும் இரண்டு பக்கமும் மந்தம். அது முதுகைவிடச் சர்க்கரையோடு பொருந்தும் அறிகுறி.

முதுகுத் தோலில் கிட்டத்தட்ட ஒரு ஜான் அகலத்துக்குப் பழுப்பும் செம்மையும் கலந்த வலைப்பின்னல், பையின் வடிவத்திலேயே இருந்தது. தோல் மருத்துவர் அதை எரிதீமா அப் இக்னே என்று உறுதிசெய்தார். சுட்டுப் பொத்துப்போகும் அளவுக்கு இல்லாத சூடு, பல வாரங்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் பட்டால் வருவது. கணப்பு அடுப்புப் பக்கம் உட்காருபவர்கள், தொடையில் லேப்டாப் வைத்து வேலை செய்பவர்கள், வெப்பப் பையோடு தூங்குபவர்கள் எல்லாருக்கும் வரும். ஆரம்பத்திலேயே சூட்டை நிறுத்தினால் மெல்ல மங்கிவிடும். பல ஆண்டுகள் தொடர்ந்தால் நிறம் நிலைத்துவிடும், அரிதாக அந்த இடத்தில் தோல் புற்றுநோயும் வரலாம். காஷ்மீரில் குளிருக்காகக் கரி நெருப்புள்ள காங்கிரிச் சட்டியை ஆடைக்குள் வைத்துக்கொள்பவர்களின் வயிற்றிலும் தொடையிலும் வரும் காங்கிரிப் புற்றுநோய் மருத்துவ நூல்களில் பழைய செய்தி. இவருக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

அடுத்து, சூடு தெரிகிறதா என்ற சோதனை. இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒன்றில் வெதுவெதுப்பான நீர், மற்றதில் குளிர்ந்த நீர். கண்ணை மூடச் சொல்லி மாற்றி மாற்றித் தொட்டு "சூடா, ஜில்லா?" என்று கேட்பது. கையில், தோளில் தயங்காமல் சொன்னார். வலை அடையாளம் இருந்த இடத்தில் யோசித்து யோசித்துச் சொன்னார், பாதிக்கு மேல் சரி. பாதத்தில் அநேகமாக எல்லாமே தவறு. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனையில் இரண்டு உள்ளங்கால்களிலும் பல புள்ளிகளில் உணர்வே இல்லை. காலில் ஒத்தடம் வைத்துக்கொண்ட இரவுகளில் காயம் ஆகாதது அதிர்ஷ்டம்தான்.

ஏன் எரியவில்லை என்ற அவருடைய கேள்விக்கு ஒற்றைக் காரணம் கிடைக்கவில்லை. சர்க்கரை நோயில் நரம்புச் சேதம் பாதத்தில்தான் முதலில் தொடங்கும். முதுகில் இருந்த மந்தத்தை முழுக்க அதன் கணக்கில் எழுத முடியாது. நாள்தோறும் சூடு பட்டுப் பழகிய தோல், ஸ்டீராய்டு கிரீமில் மெலிந்த தோல், தூக்கத்தைக் கூட்டிய மாத்திரை, தைலத்தின் எரிச்சலுக்குப் பழகிப்போனது, பைக்கு மேல் உடம்பின் மொத்தப் பாரம் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. பாரத்தின் பங்கைப் பலரும் யோசிப்பதில்லை. சூடு படும் இடத்துக்கு ரத்தம் அதிகம் வந்து அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். பைமேல் படுத்தால் ரத்தக் குழாய்கள் நசுங்கி அந்த ஓட்டம் நின்றுவிடும். சூடு அங்கேயே தங்கும்.

சரி, பையில் எவ்வளவு சூடு இருந்தது? அதே பையை அதே மாதிரி சுடவைத்து, உறைக்கும் பைக்கும் நடுவில் தெர்மாமீட்டர் முனையை வைத்தோம். 57 டிகிரி செல்சியஸ். 1947-இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்குதான் இன்றும் அடிப்படை: தோல் 44 டிகிரியில் இருந்தால் சேதமாக ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும், அதற்கு மேல் 51 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரிக்கும் நேரம் சுமார் பாதியாகக் குறையும், 60 டிகிரியில் சில நொடிகள் போதும். உறையும் ரவிக்கையும் நடுவில் இருந்ததாலும், பை மெல்ல ஆறியதாலும்தான் காயம் இந்த அளவோடு நின்றது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

புண் ஆறி, வலை அடையாளம் மங்கத் தொடங்கும்வரை முதுகில் எந்தச் சூடும் வேண்டாம் என்று முடிவுசெய்தோம். பாதத்துக்கு இனி எப்போதுமே வேண்டாம். இதைச் சொல்வது எளிது. "அதுவும் இல்லன்னா ராத்திரி எப்படித் தூங்குறது?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. பையைப் பிடுங்கி வைத்துவிட்டு வந்தால் அடுத்த வாரம் வேறு பை வந்திருக்கும். அதனால் இரவுக்கு வேறு ஒன்று கொடுத்தாக வேண்டியிருந்தது: ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவில் தலையணை, படுக்கும் முன் பத்து நிமிடம் மெதுவான அசைவுப் பயிற்சி, விறைப்போடு விழித்தால் எழுந்து வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் நடை.

ஒத்தடம் என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பதை அவரோடும் மகனோடும் உட்கார்ந்து பேசினோம். வெளியிலிருந்து வைக்கும் சூடு தோலையும் அதற்குக் கீழே ஒன்றிரண்டு சென்டிமீட்டரையும்தான் சூடாக்கும். பிதுங்கிய சவ்வு வரை அது போகாது, சவ்வை உள்ளே தள்ளாது. தசை இறுக்கம் தளரும், வலிச் செய்தி கொஞ்ச நேரம் அமுங்கும், அவ்வளவுதான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2006 தொகுப்பாய்விலும், மூன்று மாதத்துக்கு உட்பட்ட முதுகுவலியில் வெப்ப உறை குறுகிய காலத்துக்குச் சிறிய நிவாரணம் தருகிறது என்றுதான் வருகிறது. நாள்பட்ட வலிக்கு ஆதாரம் இன்னும் மெலிது. ஆகவே ஒத்தடத்தால் கிடைக்கும் அந்த அரைமணி நேரத்தை நடக்கவும் பயிற்சி செய்யவும் பயன்படுத்தினால் லாபம். படுத்துத் தூங்கப் பயன்படுத்தினால் எழும்போது பழைய விறைப்பே காத்திருக்கும்.

புதிய ஸ்கேன் எடுக்க மகனுக்கு ஆசை இருந்தது. வேண்டாம் என்றோம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வந்த ஆய்வில், 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்குச் சவ்வு பிதுக்கம் இருந்தது. ஆபத்து அறிகுறி இல்லாத நிலையில் இன்னொரு படம் எடுத்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. பழைய அறிக்கையை அவர் முன்னால் விரித்து வைத்து இதைச் சொன்னபோது, "அப்ப குனிஞ்சா நரம்பு அறுந்துடாதா?" என்று கேட்டார். இரண்டு ஆண்டுகளாக மனதில் வைத்திருந்த பயம் அது. அடுத்து நடந்த எல்லாவற்றுக்கும் இந்தப் பேச்சுதான் கதவைத் திறந்தது என்பது என் கணிப்பு.

பெல்ட்டை மெல்ல விட்டுவிடச் சொன்னோம். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதலில் இடுப்பு பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் பரிந்துரைக்கப்படாதவை பட்டியலில் இருக்கின்றன. விளக்கமான ஆலோசனையும் உடற்பயிற்சியும்தான் அதில் முன்னால் நிற்பவை.

மருந்துப் பக்கம் மருத்துவர் பார்த்துக்கொண்டார். மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தினமும் போட்டுவந்த டைக்ளோபினாக் வலி மாத்திரையைச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகம் மூன்றையும் எண்ணி நிறுத்தினார். ஸ்டீராய்டு கிரீமும் சிட்ரிசினும் நின்றன. பாத எரிச்சலுக்குத் தனி மருந்து எழுதினார். மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 9.6 சதவீதம் என்று வந்ததால் சர்க்கரை மாத்திரையும் மாறியது.

தறியிலும் வீட்டிலும்

பயிற்சி என்று தனியாக நேரம் ஒதுக்கச் சொன்னால் நெசவாளர் வீட்டில் நடக்காது. கூலி சேலைக் கணக்கில் வருகிறது. அதனால் தறியிலேயே இடம் தேடினோம். உட்காரும் பலகைக்கு மேல் பழைய போர்வையை மடித்துப் போட்டு இரண்டு அங்குலம் உயர்த்தியதும் இடுப்பு வளைவு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. எழுந்து நிற்க நினைவூட்டல் வேண்டும். போனில் அலாரம் வைக்கலாமா என்றேன். நாடாவுக்குள் இருக்கும் தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) தீரும்போது கை எப்படியும் நிற்கிறது, அதை வைத்துக்கொள்கிறேன் என்று அவரே சொன்னார். மூன்று தார் தீர்ந்ததும் எழுந்து, இடுப்பில் கை வைத்துப் பின்னால் வளைந்து, வாசல் வரை ஒரு நடை. நான் யோசித்திருந்த எதையும்விட இது நன்றாக வேலை செய்தது.

பயிற்சிகள் நான்கே: கை கால் ஊன்றி முதுகை வளைத்து நிமிர்த்துவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சாயங்காலம் கோயில் வரை நடை. செருப்பில்லாமல் கோயிலைச் சுற்ற வேண்டாம், வெயிலில் கல்தரை சுடும், பாதத்துக்குத் தெரியாது என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

மாமியாரைத் தூக்கும் முறையையும் மாற்றினோம். அக்குளில் கை கொடுத்து இழுப்பதை நிறுத்தி, அவரைக் கட்டில் விளிம்புக்கு நகரவைத்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றவைத்து, இடுப்பில் சுற்றிய துண்டைப் பிடித்து அவரோடு சேர்ந்து எழுவது. காலை நேரத்தில் மகன் உதவுவது என்றும் பேசி முடித்தோம். மாமியாரின் முழங்காலுக்கும் அதே பைதான் போய்க்கொண்டிருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது. எண்பது வயதுத் தோல் காகிதம்போல இருக்கும். அவருக்கும் உணர்வுச் சோதனை செய்துவிட்டு வெதுவெதுப்பான ஈரத்துண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னோம்.

தொடர்ந்து நடந்தது

புண் ஆறு வாரத்தில் ஆறியது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடம்பில் இது எதிர்பார்த்த தாமதம்தான். முதல் மூன்று வாரமும் வலியில் பெரிய மாற்றமில்லை. பத்துக்கு ஏழு என்றே சொல்லிவந்தார். ஆனால் உட்காரும் நேரமும் நடையும் கூடியிருந்தன. நாள்பட்ட வலியில் பல நேரம் வரிசை இப்படித்தான் இருக்கும், செயல் முதலில் கூடும், வலி பிறகு இறங்கும். இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் ஆட்கள் இரண்டாம் வாரத்திலேயே விட்டுவிடுவார்கள்.

மாசி மாதத்தில் பங்குனி முகூர்த்தத்துக்கான சேலை ஆர்டர் வந்தது. தார் கணக்கெல்லாம் மறந்து நான்கு நாள் தொடர்ந்து உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் எழ முடியவில்லை. வீட்டில் பதற்றம்: ஊசி போடலாமா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாமா. ஆபத்து அறிகுறிகளை மறுபடி முழுவதும் பார்த்தோம். புதிதாக ஒன்றும் இல்லை. வலி பழைய இடத்தில் பழைய மாதிரியே, அளவில் மட்டும் கூடியிருந்தது. படுக்கையில் கிடக்க வேண்டாம் என்று சொல்லி, முதல் இரண்டு நாள் பயிற்சியைப் பாதியாகவும் நடையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகவும் வைத்தோம். மருத்துவர் ஐந்து நாளைக்குப் பாரசிட்டமால் கொடுத்தார். ஒரு வாரத்தில் தறிக்குத் திரும்பினார். ஊசி தேவைப்படவில்லை. தனக்கே தெரிந்த வழியில் ஒரு பெரிய வலியைக் கடந்தது அவருக்கு எந்த மாத்திரையையும்விடத் தெம்பு கொடுத்தது.

ஒத்தடம் திரும்பி வந்தது

பங்குனியில் தோல் மருத்துவர் பார்த்து, வலை அடையாளம் ஓரங்களில் மங்குவதாகச் சொன்னார். வெப்பச் சோதனையில் முதுகில் எல்லாப் பதிலும் சரியாக வந்தது. அதற்குப் பின்புதான் ஒத்தடத்தைத் திருப்பிக் கொடுத்தோம், அடையாளம் இருக்கும் இடத்தை விட்டு, மேல் பக்கத் தசையில் மட்டும். பாதத்தில் உணர்வு திரும்பவில்லை, அங்கே தடை அப்படியே இருந்தது.

எலக்ட்ரிக் பையை ஒதுக்கினோம். அதன் தையலோரம் ஏற்கெனவே உப்பியிருந்தது. உள்ளே இருக்கும் திரவம் ஒழுகினாலும், மின்சாரத்தில் மாட்டியபடியே உடம்பில் வைத்தாலும் ஆபத்து. ரப்பர் பையும் வெடிப்பு விட்டுப் பழசாகியிருந்தது, புதிது வாங்கினார்கள். கொதிநீரோடு பச்சைத் தண்ணீர் கலந்து, மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, காற்றை வெளியேற்றி மூட வேண்டும். அதன்மேல் தடிமனான துண்டை இரண்டு மடிப்பாகச் சுற்ற வேண்டும். மருமகள் தன் முன்கை உள்பக்கத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்து, இதமாக இருக்கிறது என்று சொன்ன பிறகே முதுகுக்குப் போகும். நோயாளி தன் கையால் சோதிப்பதை நாங்கள் ஏற்கவில்லை. நரம்பு பாதித்தவரின் கையை நம்பி விடக்கூடாது.

உட்கார்ந்தோ குப்புறப் படுத்தோ பையை முதுகுமேல் வைப்பார்கள், பைமேல் இவர் படுப்பதில்லை. 15 நிமிடம், நாளுக்கு ஒரு தடவை, விளக்கு வைக்கும் நேரத்தில். ஐந்தாம் நிமிடம் மருமகள் தூக்கிப் பார்ப்பார். இளஞ்சிவப்பு சரி. திட்டுத்திட்டான சிவப்போ வெளிறலோ தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். தைலம் தேய்த்த அன்று ஒத்தடம் கிடையாது. தைலத்தில் இருக்கும் சாலிசிலேட் என்ற வலிமருந்தும் மிளகாய்ச் சத்தும் சூட்டோடு சேர்ந்தால் தோல் வெந்துபோகும், மருந்தும் அளவுக்கு மீறி உள்ளே இறங்கும். பை எடுத்த உடனே கோயில் நடை. படுக்கையறைக்குப் பை போகக் கூடாது என்பதில் மருமகள் என்னைவிடக் கண்டிப்பு: "அத்தை, பையை வாசல்லயே வெச்சிட்டு உள்ள வாங்க."

இந்தக் கட்டுப்பாடுகள் உணர்வு குறைந்த, காயம்பட்ட ஒருவருக்காக வைத்தவை. சர்க்கரை இல்லாத, தோல் உணர்வு சரியாக உள்ள ஒருவருக்கு இவ்வளவு காவல் தேவையில்லை. ஆனால் பைமேல் படுப்பது, பையோடு தூங்குவது, தைலத்தோடு சூடு, இந்த மூன்றும் யாருக்கும் ஆகாது. வலியைத் தணிக்கத் தோலில் ஃபென்டனில் பட்டை ஒட்டியிருப்பவர்கள் அதன் பக்கத்தில் சூடே வைக்கக் கூடாது, மருந்து ஒரேயடியாக ரத்தத்தில் ஏறும். புதிதாக அடிபட்டு வீங்கிய இடம், சீழ் கட்டிய இடம், கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற இடம் ஆகியவற்றுக்கும் ஒத்தடம் கூடாது.

ஆறு மாதத்தில்

ஜூலையில் வலி பத்துக்கு மூன்று, சில நாள் நான்கு. இரவில் விழிப்பது அரிது. தறியில் இடைவெளியோடு ஆறு மணி நேரம் உட்கார முடிகிறது. பெல்ட் பரணில் இருக்கிறது. ஒத்தடம் வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான், அதுவும் வேலை அதிகமான அன்று. சராசரி சர்க்கரை 7.9 சதவீதம். காயத்தின் தழும்பு தட்டையாக இருக்கிறது. ஆடி மாதத்தில் ஆர்டர் குறைவு என்பதையும் கணக்கில் எடுத்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும். தை, பங்குனி, வைகாசியில் எப்படி இருக்கிறது என்பது தனியாகப் பார்க்க வேண்டியது.

நடைமுறையில் மாற்றியவை

முதுகுவலி, முழங்கால் வலி என்று யார் வந்தாலும் எங்கள் வட்டாரத்தில் இப்போது ஒத்தடத்தைப் பற்றித் தனியாகக் கேட்கிறோம். "ஒத்தடம் கொடுப்பீங்களா?" என்று கேட்டால் "எப்பவாவது" என்றுதான் பதில் வரும். எதில் கொடுப்பது, எந்த நேரம், எவ்வளவு நேரம், பையை எங்கே வைத்துத் தூங்குவது, முன்னால் என்ன தேய்ப்பது என்று கேட்டால்தான் விவரம் வெளியே வருகிறது. மாத்திரை கொண்டு போகும் பணியாளர்களுக்கு அந்த வலை அடையாளத்தின் படத்தைக் காட்டியிருக்கிறோம். படை என்று கிரீம் போடுவதற்கு முன்னால் எங்களுக்குச் சொல்வார்கள். சர்க்கரை நோயாளிக்கு வீட்டில் ஒத்தடம் சொல்லும் முன் பாத உணர்வுச் சோதனை முடிந்திருக்க வேண்டும் என்பதும் சேர்ந்திருக்கிறது.

இந்த நோயாளிக்கு இடது விலாவுக்குக் கீழே ஒரு திட்டு மட்டும் மங்கவே இல்லை. அந்த இடம் தடித்தாலோ, சொரசொரப்பானாலோ, புண்ணானாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார் தோல் மருத்துவர். இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். அடுத்த தேதி ஜனவரியில் வருகிறது. குளிர் தொடங்கும் கார்த்திகையிலேயே ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பையையும் பாதத்தையும் பார்த்துவிடுவது என்று திட்டம்.